துப்பாக்கியும் குடியாட்சியும்

2013 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 17 ஆந் திகதி, வொஷிங்டன் நகரில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் செனற் சபை ஒரு திருத்தப் பிரேரணைமீது வாக்கெடுத்தது. அன்றைய உபசனாதிபதி ஜோ பைடன் தலைமை ஆசனத்தில் அமர்ந்திருந்தார். துப்பாக்கிச் சூட்டினால் துயருற்றோர் சிலர் பார்வையாளர் மாடத்தில் இருந்து முடிவை எதிர்பார்த்திருந்தனர். வாக்குகள் எண்ணப்பட்டன. ஆதரவாக 54, எதிராக 46. முடிவு யாது? 54 வாக்குப் பெற்ற பிரேரணை தோற்றது, 46 வென்றது. மாடத்திலிருந்து வெட்கம் என்று ஒரு பெண்குரல் எழுந்தது. பைடன் சபையின் ஒழுங்கை நினைவுபடுத்தினார். சபை தன் அடுத்த அலுவலுக்குச் சென்றது.

சிறியது பெரியதை வென்ற இந்த விசித்திரமான கணக்கின் காரணத்தைத் தேடுவோர், துப்பாக்கியைப் பற்றி மட்டுமன்றி, அமெரிக்கக் குடியாட்சி எவ்வாறு இயங்குகிறது, எவ்விடத்தில் இயங்காது நின்றுவிடுகிறது என்பதையும் அறிந்துகொள்வர்.

அவ்வாக்கெடுப்புக்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், 2012 டிசம்பர் 14 ஆந் திகதி, கனெற்றிக்கற் மாநிலத்து நியூடவுன் என்னும் சிற்றூரின் ஆரம்பப் பாடசாலையில் இளைஞன் ஒருவன் புகுந்து, 20 குழந்தைகளையும் பாடசாலைப் பணியாளர் 6 பேரையும் சுட்டுக்கொன்றான். அக்குழந்தைகள் ஆறு, ஏழு வயதினர். நாடு முழுவதும் கலங்கியது. அக்கலக்கத்திலிருந்து பிறந்த பிரேரணையே செனற் சபைக்கு வந்தது.

அது கேட்டது பெரிதன்று. 1993 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் பெற்ற வணிகர் துப்பாக்கி விற்குமுன், வாங்குவோர் பாரிய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவரா, சட்டத்தால் விலக்கப்பட்டவரா என்று அரசாங்கப் பதிவுகளிற் பார்க்கவேண்டும். ஆனால், வணிகரல்லாத ஒருவர் தம் துப்பாக்கியை மற்றொருவருக்கு விற்பின் இவ்விசாரணையை மத்திய சட்டம் கட்டாயமாக்கவில்லை. துப்பாக்கிச் சந்தைகளிலும் விளம்பரங்கள் வாயிலாகவும் நடைபெறும் இத்தகைய விற்பனைகளுக்கும் விசாரணையை விரிப்பதே பிரேரணையின் நோக்கம். எவருடைய துப்பாக்கியையும் அது பறிக்கவில்லை. நாடளாவிய துப்பாக்கிப் பதிவேடு ஏற்படுத்துவதை அது வெளிப்படையாகவே தடைசெய்தது. அதனைக் கொண்டுவந்தோரும் துப்பாக்கிக்குப் பகைவரல்லர். சனநாயகக் கட்சியினரான மேற்கு வேர்ஜினியாவின் ஜோ மான்சின், 2010 ஆம் ஆண்டுத் தேர்தல் விளம்பரத்தில் தாமே துப்பாக்கி ஏந்திச் சுட்டவர். உடன்நின்ற பற்றிக் டூமி பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சியினர். பொதுசன அபிப்பிராயத்தை அளந்த கணிப்புகளில், பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் இத்தகைய விசாரணைக்கு உடன்பட்டனர்.

ஏனைய நாடுகளில் இத்தகைய வேளையில் நடந்ததை இங்கு ஒப்புநோக்கலாம். 1996 மார்ச்சில் ஸ்கொத்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டனர்; 1997 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதற்கு ஏறக்குறைய முழுத் தடை விதித்தது. அதே 1996 ஏப்பிரலில் அவுஸ்திரேலியாவின் போட் ஆதர் என்னுமிடத்தில் 35 பேர் மாண்டனர். 12 நாட்களுக்குள் அந்நாட்டின் மத்திய அரசும் மாநில அரசுகளும் புதிய கட்டுப்பாடுகளுக்கு இணங்கின. 6 இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் விலைகொடுத்துத் திரும்பப் பெறப்பட்டன. அவுஸ்திரேலியாவும் அமெரிக்காவைப் போன்று ஒரு கூட்டாட்சியே. அங்கு இயன்றது அமெரிக்காவில் இயலாமற் போனதேன்?

முதற் காரணம் செனற் சபையின் அமைப்பு. அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலமும், பெரிதாயினுஞ் சிறிதாயினும், இரண்டு செனற்றர்களை அனுப்புகிறது. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி கலிபோர்னியாவில் 3 கோடியே 95 இலட்சம் மக்கள். வயோமிங்கில் 5 இலட்சத்து 77 ஆயிரம் மக்கள். ஆயினும் சபையில் இரண்டுக்கும் சமமான குரல். சிறிய மாநிலங்கள் பெரியவற்றுக்கு அஞ்சாது ஒன்றியத்திற் சேர்வதற்கென 1787 இல் செய்துகொண்ட உடன்பாடு இது. துப்பாக்கி வீட்டுப் பொருள்களுள் ஒன்றாக விளங்கும் நாட்டுப்புற மாநிலங்கள் பலவற்றுக்கு இதனால் மக்கட்டொகைக்கு மேற்பட்ட பலம் கிடைக்கின்றது.

இரண்டாவது காரணம் சபையின் விவாத விதி. அரசியல் யாப்பு சாதாரண சட்டங்களுக்குப் பெரும்பான்மை வாக்கையே வேண்டுகிறது. ஆனால் செனற் சபையில், அங்கத்தவர் விவாதத்தை முடிவின்றி நீட்டி ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்கு வராமலே தடுக்கலாம். விவாதத்தை முடித்துவைக்கும் விதி 1917 இல் இயற்றப்பட்டது. 1975 இல் திருத்தப்பட்டு, 100 அங்கத்தவருள் 60 பேரின் சம்மதம் போதும் என்றாயிற்று. முற்காலத்தில் தடுக்க விரும்பியவர் இரவுபகலாக நின்று பேசித் தம் தொண்டையை வருத்தவேண்டும். பிற்காலத்தில் அவ்வருத்தமும் நீங்கிற்று. எதிர்ப்பை அறிவித்தாலே போதும். ஆகவே முக்கியமான மசோதாக்களுக்கு 51 அன்று, 60 வாக்கே அளவுகோல் ஆகிவிட்டது. 2013 இல் இருகட்சித் தலைவர்களும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அன்றைய பிரேரணைக்கும் 60 வேண்டியிருந்தது. எதிர்த்த 46 பேருள் ஒருவர் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரே. பிரேரணையைப் பின்னொருநாள் மீளக் கொணரும் உரிமை தோற்ற பக்கத்தாருக்கு இல்லாமையால், அவர் தாம் ஆதரித்ததற்கு எதிராகவே வாக்களிக்க நேர்ந்தது!

ஆயினும் விதிகளை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. அந்த 46 பேருக்குப் பின்னே மக்கள் நின்றனர். அவர்களுடைய நியாயத்தையும் கேட்டல் வேண்டும்.

1791 இல் யாப்போடு சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், ஒழுங்கமைந்த குடிப்படையின் அவசியத்தைக் கூறி, ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமை மீறப்படலாகாது என்கிறது. பேரரசொன்றின் படைகளை எதிர்த்துப் போரிட்டு விடுதலை பெற்ற தலைமுறையினர் எழுதிய வாசகம் அது. அண்டை வீடு பல மைல் தொலைவிலும், பொலிஸ் நிலையம் அதனினும் தொலைவிலும் இருக்கும் பண்ணைவீட்டில் வாழ்பவருக்குத் துப்பாக்கி ஒரு காவல். தந்தை மகனை வேட்டைக்கு அழைத்துச் செல்லும் மரபும் அதனோடு பிணைந்தது. குற்றம் புரிவோர் சட்டத்தை மதியார்; சட்டத்துக்கு அடங்கியவரே விசாரணையால் தொல்லையுறுவர் என்பது அவர்கள் வாதம். நியூடவுனிற் பயன்பட்ட துப்பாக்கிகள் கொலைகாரனின் தாயாற் சட்டப்படி வாங்கப்பட்டவை. புதிய விசாரணை அக்கொலையைத் தடுத்திராது என்றும் அவர்கள் எடுத்துக்காட்டினர். இது உண்மையே. ஆயினும், ஒரு கொலையைத் தடுக்காத சட்டம் வேறொன்றைத் தடுக்கக்கூடும் என்பதும் உண்மையன்றோ?

இம்மக்களின் குரலை வலுப்படுத்தியது தேசிய றைபிள் சங்கம். 1871 இல் குறிபார்த்துச் சுடும் பயிற்சியை வளர்ப்பதற்கெனத் தோன்றிய அச்சங்கம், 1977 இல் சின்சினற்றி நகரில் நடந்த ஆண்டுக்கூட்டத்தில் தலைமை மாறி, கட்டுப்பாடுகளைக் கடுமையாக எதிர்க்கும் அரசியற் சக்தியாயிற்று. அதன் பணத்தை விட அதன் அங்கத்தவரின் ஊக்கமே அதற்குப் பலம். நேயர்கள் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கட்டுப்பாட்டை ஆதரிக்கும் ஒன்பது பேரும் வாக்குச்சாவடிக்குச் செல்லும்போது, வரியையும் வைத்தியச் செலவையும் தொழிலையும் எண்ணி வாக்களிப்பர். எதிர்ப்பவரோ துப்பாக்கி ஒன்றையே எண்ணி வாக்களிப்பர். தேர்தலை நாடும் செனற்றர் இவ்விருவருள் எவருக்கு அஞ்சுவார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கடந்தகால வரலாறும் இதனையே காட்டுகிறது. 1963 நவம்பரில் சனாதிபதி கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, பொய்ப்பெயரில் சிக்காகோவுக்கு எழுதி, 21 டொலர் 45 சதத்துக்குத் தபாலில் வருவிக்கப்பட்டது. அத்தகைய தபால் விற்பனையைத் தடுக்கும் மசோதா ஐந்தாண்டுகள் கிடப்பிற் கிடந்தது. 1968 ஏப்பிரலில் மாட்டின் லூதர் கிங்கும் ஜூனில் றொபேட் கென்னடியும் சுடப்பட்டு இறந்த பின்னரே, அவ்வாண்டு ஒக்டோபரில் அது சட்டமாயிற்று. கையொப்பமிட்ட சனாதிபதி ஜோன்சன், துப்பாக்கிப் பதிவும் அனுமதிப்பத்திரமும் அதில் இடம்பெறவில்லையே என்று வருந்தினார். 1986 இல் மத்திய அரசு துப்பாக்கி உரிமையாளர் பதிவேடு வைத்தலைச் சட்டமே தடைசெய்தது. 1981 இல் சனாதிபதி றேகன்மீது நடந்த சூட்டில் அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிறேடி தலையிற் காயமுற்று ஊனமடைந்தார். அவர் பெயரால் அமைந்த விசாரணைச் சட்டம் 1993 இலேயே நிறைவேறியது. மறு ஆண்டு, இராணுவ வகைத் துப்பாக்கிகள் சிலவற்றுக்கு விதிக்கப்பட்ட தடைக்குப் பத்தாண்டே ஆயுள். 2004 செப்டெம்பரில் அது புதுப்பிக்கப்படாது மறைந்தது.

அறிவு தேடும் முயற்சியும் முடக்கத்துக்குத் தப்பவில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கப் பணம் செலவிடலாகாது என 1996 இல் விதித்த நிபந்தனையால், மத்திய சுகாதார நிலையத்தின் துப்பாக்கிச் சாவு பற்றிய ஆராய்ச்சி இருபதாண்டுக்கு மேல் ஏறக்குறைய நின்றுபோயிற்று. 2019 இறுதியிலேயே மீண்டும் அதற்கென 250 இலட்சம் டொலர் ஒதுக்கப்பட்டது. 2021 இல் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டவர்கள். பாடசாலைக் கொலைகள் உலகத்தின் காதுகளை எட்டுகின்றன. தனியறையில் நிகழும் இச்சாவுகளோ செனற் சபையின் விவாதங்களில் அருமையாகவே இடம்பெறுகின்றன.

2022 ஆம் ஆண்டு இக்கதையின் இருபக்கங்களையும் ஒருசேரக் காட்டியது. மே 14 ஆந் திகதி நியூ யோர்க் மாநிலத்துப் பவலோ நகரில் 10 பேர் கொல்லப்பட்டனர். பத்து நாள் கழித்து டெக்சாசின் உவால்டி ஊர்ப் பாடசாலையில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டனர். இம்முறை இருகட்சியினரும் ஒருங்கே அமர்ந்து, தாம் இணங்கக்கூடியவற்றை மட்டும் பொறுக்கியெடுத்தனர். 21 வயதுக்குக் குறைந்தோர் வாங்கும்போது விரிவான விசாரணை, ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற ஆணையால் துப்பாக்கியை நீக்கும் மாநிலங்களுக்கு உதவி, மனநலச் சேவைக்கு நிதி ஆகியன அவை. ஜூன் 23 ஆந் திகதி செனற் சபை 65 க்கு 33 என்ற வாக்குகளால் அதனை ஏற்றது. குடியரசுக் கட்சியினர் 15 பேர் ஆதரித்தனர். ஏறத்தாழ முப்பதாண்டுகளில் நிறைவேறிய முதலாவது முக்கிய துப்பாக்கிச் சட்டம் அது.

அதே ஜூன் 23 ஆந் திகதி, தெருவுக்கு அப்பாலிருந்த மீயுயர் நீதிமன்றம், வெளியிடங்களில் கைத்துப்பாக்கி கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்திய நியூ யோர்க்கின் நூறாண்டுப் பழைய சட்டத்தை 6 க்கு 3 என்ற தீர்ப்பால் தள்ளிவைத்தது. ஆயுதம் வைத்திருத்தல் தனிமனிதனின் உரிமை என அம்மன்று 2008 இல் 5 க்கு 4 என்று தீர்த்திருந்தது. 2022 தீர்ப்போ, எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபுக்கு ஏற்புடையதாக இருத்தல் வேண்டும் என்றது. 2024 ஜூனில், குடும்ப வன்முறை காரணமாக நீதிமன்றத் தடையாணைக்கு உட்பட்டவரிடம் துப்பாக்கியை விலக்கும் சட்டம் செல்லும் என 8 க்கு 1 என்று அதே மன்று கூறிற்று. எல்லை எங்கேயென்று தேடும் பணி இவ்வாறு நீதிபதிகளின் கையிலும் சேர்ந்துவிட்டது.

வொஷிங்டன் நின்றுவிடும்போது மாநிலங்கள் தத்தம் வழியே செல்கின்றன. நியூடவுனுக்குப் பின் கனெற்றிக்கற் தன் சட்டங்களை இறுக்கியது. வேறு பல மாநிலங்கள் தளர்த்தின. ஆயின் துப்பாக்கிக்கு மாநில எல்லை தெரியாது. சிக்காகோப் பொலிசார் கைப்பற்றும் துப்பாக்கிகளிற் பல, அண்டை மாநிலமாகிய இந்தியானாவில் முதலில் விற்கப்பட்டவை.

அமெரிக்க யாப்பை ஆக்கியோர் பெரும்பான்மையின் வேகத்துக்கு அஞ்சினர். இறக்கத்தில் விரையும் வண்டிக்குத் தடைக்கட்டை வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் தவறன்று, சிறுபான்மையோரின் நியாயத்தைக் கேளாத ஆட்சி கொடுங்கோலாகும். ஆனால் அவர்கள் இட்ட தடையின்மேல் பின்வந்தோர் மற்றொரு தடையை இட்டனர். கட்சிப்பகை அதனை இறுக்கியது. நெடுங்காலம் இணக்கம் கண்ட ஒரு சிறு விடயத்தைக்கூடச் சட்டமாக்க இயலாத சபையைக் காணும் குடிமகன், முதலில் அச்சபையின்மேல் நம்பிக்கையிழப்பான். பின்னர் வாக்கின்மேலேயே நம்பிக்கையிழப்பான். துப்பாக்கியின் தீங்கோடு இத்தீங்கும் சேர்ந்தே எண்ணப்படவேண்டியது.

2022 இன் சட்டம் சிறிது. ஆயினும், மாறுபட்டோர் ஒரே மேசையில் அமர்ந்தால் அறுபதைத் தாண்டலாம் என்பதை அது காட்டிற்று. அதற்கு 2013 இல் ஆறு வாக்குகள் போதாதிருந்தன. அவை கிடைப்பதற்கு ஒன்பதாண்டுகளும், பிறிதொரு பாடசாலையின் குழந்தைகளும் வேண்டியிருந்தமையே இக்கதையின் துயரம்.