பனி காணாத ஊரில் பனிச்சறுக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பனிச்சறுக்கில் முன்னேறி வரும் இளைஞர்களைப் பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். செம்பூரின் மே மாதப் புழுக்கத்தில் வாழ்கின்ற நமக்கும் பனிக்கும் என்ன உறவு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். விடுமுறையில் மணாலிக்குச் சென்று, வாடகைக் கம்பளி அங்கியோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு நம்மவர் பலருடைய பனிப் பழக்கம் முடிந்துவிடுகிறது. ஆயினும் உறவு உண்டு. அதுவும் நெருங்கிய உறவு.

முதலில் இவ்விளையாட்டு இன்னதென்று சுருங்கச் சொல்லிவிடுகிறேன். பனிமலையில் விரைந்து இறங்கி, காலக் கணக்கில் வெல்வது பழைய முறை. புதிய முறையிலோ வேகம் மட்டும் போதாது. இரு காலிலும் இரு கட்டைகளைப் பூட்டிக்கொண்டோ, ஒரே பலகையின் மேல் பக்கவாட்டில் நின்றுகொண்டோ மேட்டிலிருந்து வானில் எழும்பிச் சுழன்று, நிலைதவறாமல் தரையிறங்க வேண்டும். அழகையும் அருமையையும் பார்த்து நடுவர்கள் மதிப்பெண் இடுவர். நாட்டியமும் கழைக்கூத்தும் சேர்ந்தாற்போன்றது எனலாம். 2018-ஆம் ஆண்டில் கொரியாவில் நடந்த ஒலிம்பிக்கில் பனிப்பலகையில் தங்கம் வென்ற அமெரிக்கப் பெண் க்ளோயி கிம்முக்கு வயது 17. 2022-இல் பெய்ஜிங்கில் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற சீன வீராங்கனை ஐலீன் குவுக்கு வயது 18. அதே போட்டியில் தங்கம் பெற்ற சூ யிமிங் என்ற சீனச் சிறுவனுக்கோ 18 நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது! நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளை என்ன செய்துகொண்டிருப்பான் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. நுழைவுத் தேர்வு வகுப்பில் இருப்பான்.

மற்றொரு செய்தி. அந்தப் பெய்ஜிங் போட்டிகள் நடைபெற்றது பெரும்பாலும் எந்திரங்களால் செய்யப்பெற்ற பனியின் மேல்! பனி தானாக வந்து விழும் நாட்டார்க்கே உரிய விளையாட்டு இது என்ற எண்ணம் அன்றே உடைந்துபோயிற்று. நம் காஷ்மீரத்துக் குல்மர்க்கிலும் 2025-ஆம் ஆண்டுப் பிப்ரவரியில் போதிய பனி விழாமையால் தேசியக் குளிர்கால விளையாட்டுகளை மார்ச்சுக்கு ஒத்திவைக்க நேர்ந்தது.

அக்குல்மர்க்கிலிருந்து சென்றவர்தாம் ஆரிஃப் கான். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் போட்டியிட்ட ஒரே வீரர் அவரே. தந்தை பனிச்சறுக்குக் கருவிகளின் கடை வைத்திருந்தமையால் நடை பழகிய சில ஆண்டுகளிலேயே மகனும் சறுக்கப் பழகினார். நெடுஞ்சரிவுப் போட்டி ஒன்றில் அவர் பெற்றது 45-ஆம் இடம். சிலர் இதைக் கேட்டு நகைத்தனர். கொட்டும் பனியில் பெயர் பெற்ற வீரர் பலரே பாதி வழியில் விழுந்து வெளியேறிய நாள் அது என்பதை அவர்கள் அறியார்.

இனித் தமிழரிடம் வருகிறேன். பனிப்பலகையின் தாய் பனியன்று, கடலலையே. 1965-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பென் என்பவர் தம் மகளிர் விளையாடுவதற்காக இரு பனிக்கட்டைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். கடலில் அலைச்சறுக்குவோர் நிற்பது போல அதன் மேல் நின்று குழந்தைகள் சரிவில் இறங்கினர். அப்பலகை வளர்ந்து 1998-இல் நகானோ ஒலிம்பிக்கை அடைந்தது. அலையற்ற நாட்களில் கலிபோர்னியா இளைஞர் தெருவில் ஓட்டிய சக்கரப் பலகையும் அதே குடும்பம்தான்.

அந்தத் தாய்க் கலை இன்று நம் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் தழைத்திருக்கிறது. கடலை அறிந்த மீனவர் பிள்ளைகளுக்கு அலை புதிதன்று, பலகைதான் புதிது. மூர்த்தி மேகவன் என்ற கோவளத்து மீனவர் தாம் கற்றதை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். மாமல்லபுரத்துக் கமலி, சிறுமியாய் இருந்தபோது கவுன் அணிந்து வெறுங்காலோடு சக்கரப் பலகையில் இறங்கிய படம் உலகெங்கும் பரவியது. அவளைப் பற்றிய குறும்படம் 2020-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் திரைப்பட விருதுப் பட்டியலில் இடம் பெற்றது. படத்தோடு நின்றுவிடாமல் அவள் கடலிலும் இறங்கித் தேசியப் போட்டிகளில் வென்றாள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் பெற்றார்.

கடலும் வேண்டாம், நிலமே போதும் என்பார்க்குச் சக்கரச் சறுக்கு இருக்கிறது. தமிழகத்து ஆனந்தகுமார் வேல்குமார் 2025-ஆம் ஆண்டில் செங்டுவில் நடந்த உலக விளையாட்டுகளில் 1000 மீட்டரில் வெண்கலம் வென்றார். அடுத்த மாதமே சீனாவின் பெய்தைஹேயில் அதே தூரத்தை 1 நிமிடம் 24.924 வினாடியில் கடந்து உலகச் சாம்பியன் ஆனார். 42 கிலோமீட்டர் நெடுஞ்சறுக்கிலும் தங்கம் அவருக்கே. இவ்விளையாட்டில் இந்தியர் ஒருவர் உலகச் சாம்பியன் ஆனது அதுவே முதன்முறை. அப்போது அவருக்கு வயது 22. நாம் குறிப்பாகக் களிப்படைய வேறொரு செய்தியும் உண்டு. 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் தொடர்ச் சறுக்கில் வெண்கலம் பெற்ற அணியில் ஆனந்தகுமாரோடு சித்தாந்த் காம்ப்ளே, விக்ரம் இங்களே என்ற மகாராஷ்டிர வீரர் இருவரும் இருந்தனர். தமிழரும் மராட்டியரும் தோளோடு தோள் நிற்பதைப் பற்றி நம் மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அப்பிள்ளைகள் பேசாமலே செய்து காட்டினர். பெண்கள் அணியும் அன்றே வெண்கலம் வென்றது. அதிலும் சென்னைப் பெண்கள் இருந்தனர்.

சக்கரத்தில் பழகிய கால் பனிக்கட்டிக்கு எளிதில் மாறும். முழங்காலை மடித்து, உடலைச் சாய்த்து, பக்கவாட்டில் உதைத்து முன்னேறும் கலை இரண்டிலும் ஒன்றே. எனவேதான் 2025 ஜனவரியில் இமயத்து லே நகரில் நடந்த பனிக்கட்டிச் சறுக்குப் போட்டிகளில் பனியே பெய்யாத தமிழ்நாடும், நம் மகாராஷ்டிரமும் பதக்கங்களை அள்ளின.

இவற்றை எல்லாம் சொல்வதற்குக் காரணம் நம் குடியிருப்புகளின் வாயிலில் தொங்கும் பலகைகள். "முற்றத்தில் விளையாடக் கூடாது, சக்கரம் கட்டி ஓடக் கூடாது" என்று எழுதிய அப்பலகைகளை நீங்கள் அறிவீர்கள். கார்கள் நிற்க இடம் உண்டு, குழந்தை சறுக்க இடமில்லை. மாதுங்காவில் ஐந்து தோட்டங்கள் உள்ளன. செம்பூரில் ஓரளவு முற்றமாவது உண்டு. தாராவிப் பிள்ளைகளுக்கோ தொண்ணூறடிச் சாலையின் நெரிசலன்றி வேறு மைதானம் அரிது. முதியோர் தடுக்கி விழுவர் என்ற அச்சம் நியாயமானதே. மணிக்கட்டு முறிந்தால் தேர்வு எழுதுவது எப்படி என்று தாய்மார் கவலைப்படுவதும் நியாயமே. தலைக்கவசமும் முழங்கால் உறையும் அதற்காகவே விற்கப்படுகின்றன.

ஆகவே நம் குடியிருப்புகளின் நிர்வாகக் குழுக்களில் அங்கம் வகிக்கும் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை முற்றத்துக் கார்களைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, இடத்தைப் பிள்ளைகளிடம் விடுங்கள். தாராவிப் பிள்ளைகளையும் அழையுங்கள். இரவல் கொடுக்கப் பத்து இணைச் சக்கரக் காலணிகளையும் கவசங்களையும் சங்கம் வாங்கி வைக்கலாம். அதற்கான முதல் நன்கொடையை இன்று மாலையே பொருளாளர் அவர்களிடம் தருகிறேன். மழைக்காலம் தொடங்குமுன் ஆரம்பித்துவிட்டால் நல்லது. ஜூனில் முற்றமெல்லாம் பாசி பிடித்துவிடும்.