மனசைத் தொடுகிற கைக்கும் சாதி உண்டு

(படாளத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. உளவியல் படித்தவனும் இல்லை. வங்கியில் கிளார்க். ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். ஆனால் உளவியல் ஆலோசகர் ஒருவருக்கு எதிரில் உட்கார்ந்து மனசைத் திறந்து காட்டியிருக்கிறேன். அந்த நாற்காலியிலிருந்துதான் பேசுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தூக்கம் போச்சு. பதவி உயர்வுப் பட்டியலில் பேர் விட்டுப்போனது ஒரு பக்கம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் "உங்களுக்கென்னப்பா, கோட்டா இருக்கு" என்கிற சிரிப்பு இன்னொரு பக்கம். ஆலோசகரிடம் போனேன். அவர் கேட்ட மூணாவது கேள்வி, "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?" அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாதா? சொன்னேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இது தாழ்வு மனப்பான்மை சார். இந்தக் காலத்துல யாரு சாதி பாக்குறா? நீங்களா நெனச்சுக்கிறீங்க" என்றார். பதினைந்து நாள் கழித்து, அந்த அறையில் மட்டும் நான் சொன்ன ஒரு விஷயத்தைக் கிளையில் ஒருவர் என்னிடமே விசாரித்தார்.

இதில் இரண்டு தப்பு இருக்கிறது. ரகசியம் வெளியே போனது ஒன்று. அது எல்லோருக்கும் தப்பு என்று தெரியும். இன்னொன்று தப்பு என்றே பலருக்குத் தெரியாது. எனக்கு நடந்த அநியாயத்துக்கு என் மனசில் ஒரு வியாதியின் பேரை வைத்தது. நான் இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

இது பழைய வேலை. 1851இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர் புதிதாக ஒரு வியாதியைக் கண்டுபிடித்தார். அடிமைகள் ஏன் தப்பி ஓடுகிறார்கள்? அவர்களுக்கு 'டிராப்டோமேனியா' என்ற மனநோய் என்றார். வைத்தியம் என்ன தெரியுமா? சாட்டையடி. அடிமைமுறையை நியாயமென்று வைத்துக்கொண்டால், ஓடுகிறவன் பைத்தியமாகத்தான் தெரிவான்.

அது அந்தக் காலம் என்று சொல்லிவிடாதீர்கள். 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா இறந்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவர். அரசு அமைத்த விசாரணைக் குழு என்ன சொன்னது? சொந்த விரக்திதான் காரணம் என்றது. அதிகாரம் செய்ததை ஆளின் மனசுக்குள் தள்ளிப் பூட்டுகிற வேலை இது.

எதிர் உதாரணமும் உண்டு. பிரான்ஸ் ஃபனான் மனநல மருத்துவர், கறுப்பர். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். காலனி ஆட்சியே மனிதனைச் சிதைக்கும்போது, உள்ளே உட்கார்ந்து சிதைந்தவனைச் சரிசெய்து திருப்பி அனுப்புவதில் அர்த்தமில்லை என்று கண்டு 1956இல் ராஜினாமா செய்தார். தொழில் ஒழுக்கம் என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்: தன் தொழில் யாருக்குச் சேவகம் செய்கிறது என்று கேட்டுக்கொள்வது.

நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் விடியற்காலையில் தீ. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். காப்பகம் உரிமம் வாங்க வேண்டும் என்ற 1987ஆம் வருஷத்துச் சட்டம் அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1993இல், நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டம் காகிதத்தில் இருந்தது, சங்கிலி காலில் இருந்தது. தர்காவை நம்பிப் போன சனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாதவனுக்கு வேறு எங்கே போக்கு? காசுள்ள வீட்டுப் பிள்ளையை யாரும் கொட்டகையில் கட்டிப்போடுவதில்லை.

இன்றைக்கு 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இதை நம்ம பிள்ளைகள் படிக்கணும். பிரிவு 95 சங்கிலியைத் தடை செய்கிறது. பிரிவு 23 ரகசியம் காக்கச் சொல்கிறது. பிரிவு 21 பாகுபாடு கூடாது என்கிற பட்டியலில் சாதி என்ற சொல்லையே எழுதி வைத்திருக்கிறது. பிரிவு 3 இன்னும் முக்கியம். ஒருவரின் சமூக, பொருளாதார, அரசியல் நிலையை வைத்து மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. ஊர் வழக்கத்துக்கும் மதிப்பீட்டுக்கும் அடங்காததையே நோய் என்று சொல்லவும் கூடாது. சாதி தாண்டிக் காதலித்த பெண்ணை "புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று இழுத்துப்போகிற குடும்பங்களுக்கு இந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள்.

சட்டம் மட்டும் போதுமா? 2021இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் தானே போய் உட்கார்ந்தார். அதன் பிறகுதான், ஜூன் 7 அன்று, ஒருபால் ஈர்ப்பை 'குணப்படுத்துகிறேன்' என்று கிளம்புகிற வைத்தியத்தைத் தடை செய்து உத்தரவு போட்டார். அப்படிச் செய்கிறவர்களின் உரிமத்தையே பறிக்கலாம் என்றார்.

ஒரு நீதிபதி தன் மனத்தடையைச் சோதித்துக்கொள்ள எதிர் நாற்காலியில் உட்காரலாம். நம் ஆலோசகர்கள் உட்காரக் கூடாதா? மனசைப் பகுத்து ஆராய்கிறவன் முதலில் தன் மனசை ஆராய்ந்திருக்க வேண்டும் என்பது ஃப்ராய்டு காலத்திலிருந்து வருகிற விதி. இந்த நாட்டில் அந்த ஆராய்ச்சியில் முதலில் தட்டுப்பட வேண்டியது சாதி. அதைத் தொடாமல் வாங்குகிற பட்டம் பாதிப் பட்டம்தான்.

அதற்காக வைத்தியமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அப்படி யாரும் எடுத்துக்கொள்ளாதீங்க. மனச்சோர்வு நிஜம். மருந்து வேலை செய்யும். எனக்கும் செய்தது. இரண்டாவதாக நான் போன ஒரு டாக்டரம்மா கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு நடந்தது அநியாயம். அதோட தூக்கமும் கெட்டிருக்கு. ரெண்டையும் தனித்தனியாப் பாப்போம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்குப் பாதித் தூக்கம் திரும்பி வந்தது.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, போங்க. இங்கே ரயிலேறினால் ஒட்டிவாக்கம் தாண்டிச் செங்கல்பட்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் நெஞ்சு அடைத்தால் 14416, அரசின் இலவசத் தொலைபேசி எண். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு போகாதீங்க. "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போர்டு மாட்டியிருந்தால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் என்ன என்று கேளுங்க. நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும் என்று கேளுங்க. சாதியைப் பற்றிச் சொன்னதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்க. வேறு கதவு தட்டுங்க. தட்டுவதை நிறுத்தாதீங்க.

உளவியல் படிக்கிற பிள்ளைகள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளைக்கு உங்களுக்கு எதிரில் காலனியிலிருந்து ஒரு பையன் வந்து உட்காருவான். எந்தப் பக்கம் என்று கேட்காதீங்க. என்ன நடந்தது என்று கேளுங்க. அவன் சொல்வதை நம்புங்க.