புள்ளி யார் கையில்?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



எங்கள் லைன் வீட்டுக்கு ஒருவர் நோட்டும் கையுமாக வந்தார். மாதம் அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, பிள்ளை படிப்புக்கு என்ன செலவு என்று கேட்டார். பக்கத்து வீட்டு அம்மாள், "எல்லாம் ரேஷன்தான், வேறு செலவே இல்லை" என்று அனுப்பிவிட்டார். உண்மையைச் சொன்னால் கார்டை வெட்டிவிடுவார்கள் என்று பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். பெயர் வெட்டப்பட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கார்டை வெட்டுகிறவர் வேறு, செலவுக் கணக்கு எடுக்கிறவர் வேறு.

மில் தொழிலாளியின் பஞ்சப்படி விலைவாசிப் புள்ளியைப் பார்த்து ஏறுகிறது. அந்தப் புள்ளி ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொழிலாளர் புள்ளிக்காக 88 தொழில் நகரங்களில் 48,384 குடும்பங்களிடம் கணக்குக் கேட்டார்கள். நம் கோயமுத்தூரும் அதில் ஒன்று. டாக்டருக்குக் கொடுத்ததை நாமே மறைத்தால், டாக்டர் செலவு ஏறும்போது புள்ளி எப்படி ஏறும்? லாபம் யாருக்கு?

விவசாயத் தோழர்களே, உங்கள் கதை இன்னும் மோசம். உங்களுக்கென்று தனிப் புள்ளி உண்டு. 2011 முதல் நூறு நாள் வேலைக் கூலியை அதைப் பார்த்துத்தான் கூட்டி வந்தார்கள். அதன் அடிப்படை ஆண்டு 1986-87. உள்ளே இருந்த செலவுக் கணக்கோ 1983-ல் எடுத்தது! நூறு ரூபாயில் சுமார் 69 ரூபாய் சாப்பாட்டுக்கே என்று எழுதிய கணக்கு. செல்போனுக்கு அதில் இடம் ஏது? 2025-ல்தான் 2019-ஐ அடிப்படை ஆண்டாக்கினார்கள். அதுவரை தாத்தா வேட்டியை அளந்து பேரனுக்குச் சட்டை தைத்தார்கள்.

கணக்கில் கோளாறு இருந்தால் என்ன செய்வது? பம்பாயைப் பாருங்கள். பழைய புள்ளியைப் புதுப் புள்ளியோடு இணைத்ததில் தங்கள் பஞ்சப்படி பறிபோகிறது என்று 1963-ல் அங்குள்ள தொழிலாளர்கள் கிளம்பினார்கள். வெறும் கோபத்தோடு அல்ல, கணக்கோடு கிளம்பினார்கள். மகாராஷ்டிர அரசு பொருளாதார நிபுணர் லக்டாவாலா தலைமையில் குழு போட்டது. விலை ஏற்றத்தைப் புள்ளி குறைத்துக் காட்டியது உண்மை என்று குழுவே சொன்னது.

ஆகவே ஆள் வந்தால் முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். பிறகு திண்ணையில் உட்காரவைத்து, பஸ் செலவு உட்பட ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். சங்கத்தில் நாமும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். சந்தை நாளில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் விலையை எழுதவேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேரை ஞாயிறு காலை அனுப்பி வையுங்கள்.