நோயை ஆராய நம்மவர் வேண்டும்!

(தெல்தெனியவில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் இன்று கூடியிருக்கும் ஊர் புதிய ஊர். பழைய தெல்தெனிய நீருக்கடியில் கிடக்கிறது. மகாவலியை மறித்தெழுப்பிய விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. அதற்காகக் கடைத்தெருவும் வயலும் நீர்த்தேக்கத்துள் மறைந்தன. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டுவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அணையினால் மின்சாரம் கிடைத்தது; வயல்களுக்கு நீர் கிடைத்தது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், நிலம் மாறும்போது நோயும் மாறுகிறது என்னும் உண்மையை நாடு மறந்துவிடலாகாது.

1985, 1986ஆம் ஆண்டுகளில் அநுராதபுரப் பகுதியில் நிகழ்ந்ததை நோக்குங்கள். புதிய நீர்ப்பாசனத்தால் வயல் பெருகியது. வயல்நீரில் நுளம்பு பெருகியது. வருமானத்துக்கென்று பன்றி வளர்ப்பும் பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சற் கிருமி பன்றியின் உடலிற் பெருகி, நுளம்பின் வழியே மனிதரைச் சேர்வது. அக்காய்ச்சல் அங்கே கொள்ளை நோயாய் மூண்டு உயிர்களைக் கொண்டு சென்றது. பயிரை அறிந்தவரும், விலங்கை அறிந்தவரும், நுளம்பை அறிந்தவரும் முன்னரே ஒரு மேசையில் அமர்ந்திருந்தால், வரவிருந்த ஆபத்தை உணர்த்தியிருக்க முடியாதா?

இனி நம் காலடிக்கே வருவோம். சேற்றில் இறங்கும் கமக்காரருக்கு எலிக்காய்ச்சல் புதிய பெயரன்று. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீரோடு வெளியேறும் கிருமி சேற்றிற் கலந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியே உடலிற் புகுகிறது. தொடக்கத்தில் டெங்குக் காய்ச்சல் போலவே தோன்றும். பிந்தினால் சிறுநீரகத்தைத் தாக்கும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் என ஐயுறப்பட்டது. மாத்தளை, கேகாலை, கண்டி மாவட்டங்களில் நம் நாட்டு ஆராய்ச்சியாளரே நோயாளரை நாடிச் சென்று ஆராய்ந்தனர். பேராதனைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியற் பேராசிரியர் வசந்தி தேவநேசனும் அப்பணியிற் பங்குகொண்டார்.

அப்பணியை வெளிநாட்டாரிடமே விட்டிருக்கலாமே என்று சிலர் வினவலாம். விடை எளியது. எலிக்காய்ச்சற் கிருமி ஒரே வகையினதன்று. அதற்குப் பற்பல இனங்கள் உண்டு. இரத்தத்தைச் சோதிக்கும் முதன்மையான முறையொன்றுக்கு உயிருள்ள கிருமிகளை ஆய்வுகூடத்தில் வளர்த்து வைத்திருக்க வேண்டும். நம் வயலில் உலவும் இனம் அவற்றுள் இல்லையாயின், நோயுற்றவனைப் பார்த்தே 'இவனுக்கு இந்நோய் இல்லை' எனச் சோதனை கூறிவிடக்கூடும். தும்பறை வயலின் கிருமியைப் பிறநாட்டு ஆய்வுகூடம் தானாக அறிந்துகொள்ளுமா? இங்கே பிடித்து, இங்கே வளர்த்து, இங்கே இனங்காணத் தெரிந்தவர் வேண்டும்.

'நாமோ ஏழை நாட்டினர். ஆராய்ச்சி பணக்கார நாடுகளின் வேலை' என்பாரும் உளர். அவர்கள் டாக்காவை நோக்கட்டும். 1960ஆம் ஆண்டு அந்நகரில் வாந்திபேதி ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. உப்பும் சீனியும் அளவாய்க் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே நோயாளியைக் காக்கலாம் என்று 1968இல் அங்கு நடந்த சோதனை காட்டியது. 1971இல் போருக்கு அஞ்சி இந்திய எல்லைக்குள் ஓடிவந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, வைத்தியர் திலீப் மஹலனாபிஸ் அந்த நீரைக் கொடுத்தே சாவை வெகுவாகக் குறைத்தார். இன்று உலகெங்கும் குழந்தைகளைக் காக்கும் மருந்து, ஏழைகளின் நடுவே பிறந்த மருந்து!

நம் நாட்டுக்கும் ஒரு பாடம் உண்டு. 1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளர் 17 பேரே. நோய் ஒழிந்ததென மருந்து தெளிப்பை நிறுத்தினர், கண்காணிப்புத் தளர்ந்தது. 1969ஆம் ஆண்டில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பல்லாண்டு உழைப்பின் பின்னர், 2016ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. நோய் ஓய்ந்த காலத்திலும் விழித்திருப்பவரே விஞ்ஞானி. அவரைக் கொள்ளை நோய் வந்த பின்னர் தேடினால் கிடைப்பாரா? ஒரு விஞ்ஞானியை உருவாக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் வேண்டும்.

இங்கிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள் பேராதனை இருக்கிறது. மருத்துவம், கால்நடை மருத்துவம், விவசாயம் ஆகிய மூன்று பீடங்களும் அங்கே ஒருங்கே உள்ளன. குறை எங்கே? வெளிநாடு சென்று கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பும் இளைஞருக்கு நிலையான பதவியும், கருவியும், ஆய்வுப் பணமும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியரும் விரிவுரையாளரும் கூட்டமாய் நாட்டைவிட்டு வெளியேறியதை நாம் கண்டோம். பயிற்சி கொடுத்து வழியனுப்புவது நாற்று வளர்த்து அயலான் வயலில் நடுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றையும் அழுத்திக் கூறுகிறோம். மலையகத் தோட்டப்பகுதித் தமிழ்ப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை சிலவே. அட்டைக்கடியும் காய்ச்சலும் அறிந்த லயத்துப் பிள்ளை நுணுக்குக்காட்டியின் முன் அமரும் நாள் வராத வரையில், நாம் பேசும் ஆராய்ச்சி அரை ஆராய்ச்சியே. தோட்டத் தொழிலாளியிடம் அவர் மொழியிலேயே நோயை விசாரித்தறிய வல்லவரும் அப்பிள்ளையே.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் வேண்டும். பயின்று திரும்புவோருக்கு நாட்டிலே பதவி வேண்டும். வெளிநாட்டு உதவியோடு நடக்கும் ஆராய்ச்சியில் நம் மாணவர் இரத்தம் சேகரிக்கும் ஏவலராய் நில்லாது, ஆராயும் பங்காளராய் அமர வேண்டும்.

உழவர் பெருமக்களுக்கும் கடமை உண்டு. வயலில் இறங்கியபின் காய்ச்சல் கண்டால் வைத்தியசாலைக்கு விரையுங்கள். வயல் வேலை செய்பவர் என்பதை வைத்தியரிடம் மறவாது கூறுங்கள். தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். ஆராய்ச்சியாளர் உங்கள் வாயிலுக்கு வந்தால், எதற்கு, யாருக்கு, முடிவை எப்போது எங்களுக்குச் சொல்வீர் என்று கேட்டு அறிந்து, பின்னர் உதவுங்கள்.

ஊரை நீர் கொண்டது. புதிய ஊரை நாம் கட்டினோம். அந்த ஊரைக் காக்கும் அறிவையும் நாமே வளர்ப்போம்.