பதிவேட்டிலிருந்து தொடங்கும் மீட்சி

அரபு நாடுகளின் ஆட்சி, பாதுகாப்பு, போருக்குப் பிந்தைய மீட்சி ஆகியவற்றை ஆராய இங்கே கூடியிருக்கிறோம். நிகழ்ச்சி நிரலின் வசதிக்காக இவற்றைத் தனித்தனி அமர்வுகளாகப் பிரித்திருக்கிறோம். போர் ஓய்ந்த ஊருக்குத் திரும்பி வரும் குடும்பத்துக்கோ, குடிமைப் பதிவு அலுவலகத்து மேசையின் முன்னால் இவை மூன்றும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. இன்னார் இறந்தார், இந்தக் குழந்தை இன்னாருக்குப் பிறந்தது, இந்த வீடு இன்னாருக்குச் சொந்தம், இன்னார் அரசிடம் சம்பளம் பெற உரியவர் என்று எல்லோரும் நம்பும்படி எழுதித் தர முடியாத அரசு, எத்தனை படைப்பிரிவுகளை வைத்திருந்தாலும், எவ்வளவு வெளிநாட்டுப் பணம் பெற்றாலும் மீண்டெழாது. இதுவே இன்று நான் முன்வைக்க விரும்பும் வாதம். ஈராக்கை முதன்மைச் சான்றாகவும், ஏமன், சிரியா, லெபனான் ஆகியவற்றைத் துணைச் சான்றுகளாகவும் எடுத்துக்கொள்கிறேன்.

பாதுகாப்பிலிருந்து தொடங்குகிறேன். பதிவேடு என்றதும் அது எழுத்தர் வேலை, துப்பாக்கிச் சத்தம் அடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வல்லுநர்களிடமும் இருக்கிறது. ஈராக்கின் மோசுல் நகரம் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. 2014 ஜூனில் ஐ.எஸ். அமைப்பு அந்நகரைச் சில நாள்களில் கைப்பற்றியது. அங்கே ஏட்டளவில் இருந்த அரசுப் படை, தாக்க வந்தவர்களைவிடப் பல மடங்கு பெரியது. ஏடு வேறு, களம் வேறு என்பது பிறகுதான் வெளிப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் பிரதமர் ஹைதர் அல் அபாதி, வேலைக்கே வராமல் சம்பளம் மட்டும் வாங்கப்படும் 50,000 பெயர்கள் ராணுவப் பட்டியலில் இருந்ததாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். முகாமுக்கு வராமல் ஊரில் வேறு வேலை பார்க்கும் சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பங்கை அதிகாரிக்குக் கொடுத்துவிடுவார். இறந்தவர், ஓடிப்போனவர் பெயரில் வரும் பணம் முழுவதும் அதிகாரிக்கே போய்ச் சேரும். இந்த நிலை திடீரென வந்துவிடவில்லை. 2003 மே மாதத்தில் அமெரிக்கா தலைமையிலான இடைக்கால நிர்வாகம் தன் முதல் ஆணையால் சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. இரண்டாம் ஆணையால் ராணுவத்தையே கலைத்தது. சித்திரவதைக்கூடத்தை நடத்தியவர் யார், பதவி உயர்வுக்காகக் கட்சியில் சேர்ந்த பள்ளி ஆசிரியர் யார் என்று ஆள் ஆளாகப் பிரித்துப் பார்க்காமல் ஒரு பட்டியல் மொத்தமாக அழிக்கப்பட்டது. அந்த வெற்றிடத்தைக் கட்சிகள் தத்தம் ஆள்களைக் கொண்டு நிரப்பிக்கொண்டன. மோசுலின் வீழ்ச்சிக்கு, அபாதிக்கு முன் பிரதமராக இருந்த நூரி அல் மாலிகி காலத்துப் பாகுபாடு, எல்லைக்கு அப்பால் எரிந்துகொண்டிருந்த சிரியப் போர் என வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் தன் படையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே அறியாத அரசால் எந்த நகரையும் காக்க முடியாது.

அந்த நகரம் 2017 ஜூலையில் மீட்கப்பட்டது. அதன் பிறகு நடந்தவற்றைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மூன்றாண்டு ஆக்கிரமிப்பில் பிறந்த குழந்தைகளுக்கு ஐ.எஸ். அமைப்பே பிறப்புச் சான்றிதழ் கொடுத்தது. திருமணங்களை அதன் நீதிமன்றங்களே பதிந்தன. ஈராக் அரசு அந்தத் தாள்களை ஏற்கவில்லை. ஏற்காதது சரிதான். ஆனால் அவற்றுக்குப் பதிலாக அரசின் தாளைப் பெறும் வழி பலருக்கு மூடியே இருந்தது. ஈராக்கில் அப்போது ஒருவர் குடிமகனாக நடமாட அடையாள அட்டை, குடியுரிமைச் சான்று, குடியிருப்பு அட்டை, 1990-இல் பொருளாதாரத் தடை வந்தது முதல் புழக்கத்திலுள்ள ரேஷன் அட்டை எல்லாம் வேண்டியிருந்தன. ஒன்றுக்கு மற்றொன்று ஆதாரம். குழந்தைக்கு அடையாளம் வேண்டுமானால் பெற்றோரின் திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். தந்தை காணாமல்போயிருந்தால் அவர் இறந்ததை நிறுவ வேண்டும். அதை நிறுவ உடலோ சாட்சியோ வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பாதுகாப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். கணவர் ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்தவர் என்ற சந்தேகம் இருந்தால், மனைவி நீதிபதி முன்னால் அவரைக் கைகழுவி வாக்குமூலம் கொடுத்த பிறகே அந்தச் சான்று கிடைத்தது. தேடப்படுவோர் பட்டியலிலுள்ள ஒருவரோடு பெயர் ஒத்துப்போனதாலேயே தடுத்து நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. தாள் இல்லாத தாய் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது, வாரிசுரிமை கோர முடியாது, மறுமணத்தைப் பதிய முடியாது. தாள் இல்லாத பிள்ளை பள்ளியில் இடம் கேட்டுக் காத்து நிற்கிறது.

பாதுகாப்பு அதிகாரிகள் இதற்கொரு மறுப்புரை வைத்திருக்கிறார்கள். அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அமைப்பின் ஆள்கள் பொதுமக்களோடு கலந்திருக்கும்போது, யார் யார் என்று பாராமல் அரசு ஆவணம் கொடுத்தால், கொலைகாரருக்கே புதுப் பெயர் கொடுத்ததாக ஆகாதா என்று கேட்கிறார்கள். நியாயமான அச்சம். ஆனால் குற்றவாளியைத் தேடுவது வேறு வேலை, குடிமகனைப் பதிவது வேறு வேலை. பதிவேட்டில் ஏறியவரைத்தான் பிறகு அழைத்து விசாரிக்க முடியும், வழக்குத் தொடர முடியும், விடுவிக்கவும் முடியும். ஏட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட பிள்ளை அரசின் கண்ணிலிருந்தே மறைந்துபோகிறது. பத்தாண்டு கழித்து அந்தப் பிள்ளையை முதலில் தேடி வருபவர் எழுத்தராக இருக்கமாட்டார், ஆயுதக் குழுவுக்கு ஆள் சேர்ப்பவராகத்தான் இருப்பார். தந்தையின் குற்றத்துக்காகப் பிள்ளையின் பெயரை எழுத மறுப்பது கூட்டுத் தண்டனை. பாதுகாப்பின் பெயரால் அதைச் செய்வது பாதுகாப்புக்கே கேடு.

நிலத்துக்கு வருவோம். வடக்கு ஈராக்கின் சிஞ்சார் பகுதியில் யசீதி மக்களை 1970-களில் பாத் அரசு மலைக் கிராமங்களிலிருந்து கூட்டுக் குடியிருப்புகளுக்கு மாற்றியது. பெரும்பாலோருக்கு அந்த வீடுகளின் பத்திரம் தரப்படவில்லை. நாற்பது ஆண்டு குடியிருந்தும் தாள் இல்லை. 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். இனப்படுகொலையில் அவர்கள் சிதறடிக்கப்பட்டபோது, திரும்பி வந்து ‘இது என் வீடு’ என்று சொல்ல அவர்களிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை. இங்கே ஐ.நா. குடியிருப்புத் திட்ட அமைப்பு செய்த வேலை என்னைப் பெரிதும் கவர்ந்தது. வீடு வீடாக அளந்து, வரைபடத்தில் குறித்து, அக்கம்பக்கத்தாரும் ஊர்ப் பெரியவர்களும் உறுதிசெய்த பிறகு, குடியிருப்புச் சான்றிதழ்களை வழங்கினார்கள். 2022 டிசம்பரில் ஈராக் அமைச்சரவை அந்த உரிமையை முழு உடைமையாக மாற்ற ஒப்புதல் தந்தது. கூரை போடுவதற்கு முன் உரிமையை எழுதினார்கள் என்பதுதான் இதில் முக்கியம். இதற்கு நேர்மாறானது சிரியா. 2013-இல் ஹோம்ஸ் நகரத்து நிலப் பதிவு அலுவலகம் தீக்கிரையானது. 2018 ஏப்ரலில் பத்தாம் எண் சட்டம் வந்தது. மறுகட்டுமானப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் உடைமை கொண்டவர்கள் 30 நாள்களுக்குள் ஆதாரம் காட்ட வேண்டும் என்றது அது. துருக்கியிலும் லெபனானிலும் ஜெர்மனியிலும் அகதிகளாக இருந்தவர்கள் எப்படி வந்து காட்டுவார்கள்? எதிர்ப்பு எழுந்த பிறகு அதே ஆண்டில் கெடு ஓராண்டாக நீட்டிக்கப்பட்டது. கட்டடம் எழுப்பும் சட்டமே உரிமையாளரைத் துடைத்தெறியும் கருவியாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பணம்தானே முதல் தடை, ஏட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று பொருளாதார அறிஞர்கள் கேட்கலாம். 2018 பிப்ரவரியில் குவைத்தில் நடந்த மாநாட்டில் ஈராக் தனக்குச் சுமார் 8,800 கோடி டாலர் தேவை என்றது; ஏறத்தாழ 3,000 கோடிக்கு வாக்குறுதி கிடைத்தது, அதிலும் பெரும்பகுதி கடனும் முதலீட்டு உறுதியும்தான். பற்றாக்குறை உண்மை. ஆனால் பணம் இருந்தும் ஏடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏமனைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் மத்திய வங்கி, ஹூதி கிளர்ச்சியாளர்களின் கையிலிருந்த சனாவிலிருந்து அரசின் கையிலிருந்த ஏடனுக்கு மாற்றப்பட்டது. அதன் பிறகு ஹூதிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ஆசிரியர், செவிலியர் எனப் பெரும்பாலான அரசு ஊழியர்களின் முறையான சம்பளம் நின்றது. 2018 டிசம்பர் ஸ்டாக்ஹோம் உடன்பாட்டிலேயே ஹொதைதா துறைமுக வருவாயைச் சம்பளத்துக்குப் பயன்படுத்தும் ஏற்பாடு இருந்தது. பிறகு பேச்சு எங்கே சிக்கியது? யாருடைய பட்டியல் என்ற இடத்தில். போருக்கு முந்தைய 2014-ஆம் ஆண்டின் ஊழியர் பட்டியலே அடிப்படை என்றது அரசுத் தரப்பு. இடையில் ஹூதிகள் சேர்த்த பெயர்களை அது ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் போர்நிறுத்தம் முறைப்படி நீட்டிக்கப்படாமல் போனதற்குச் சம்பளப் பூசல் ஒரு முக்கியக் காரணம். தங்கள் படையினரின் பெயர்களும் சம்பளப் பட்டியலில் ஏற வேண்டும் என்று ஹூதிகள் கேட்டார்கள். ஒரு நாட்டின் அமைதியே சம்பளப் பட்டியலின் ஆண்டைப் பொறுத்து நின்றது.

என் வாதத்துக்கு எதிரான மிக வலிய மறுப்பை இனி எடுத்துக்கொள்கிறேன். அரபு நாடுகளில் பதிவேடு ஒடுக்குமுறையின் கைக்கருவியாக இருந்த வரலாறு நீண்டது. 1962 அக்டோபரில் சிரியாவின் ஹசாகா மாகாணத்தில் ஒரே நாளில் நடந்த கணக்கெடுப்பு சுமார் 1,20,000 குர்துகளை நாடற்றவர்களாக்கியது. 1980-இல் ஈராக்கில் சதாம் அரசின் 666-ஆம் எண் ஆணை ஃபைலி குர்துகளின் குடியுரிமையைப் பறித்தது. 2018 கோடையில் சிரியக் குடிமைப் பதிவு அலுவலகங்களுக்குக் குடும்பப் பதிவின் நகல் வாங்கப் போன பெண்கள், சிறையிலிருந்த தம் கணவர், மகன் பெயருக்கு எதிரே இறந்த தேதி எழுதப்பட்டிருப்பதைக் கண்டார்கள். காரணமாகப் பலருக்கும் எழுதியிருந்தது மாரடைப்பு. உடல் தரப்படவில்லை. இப்படிப்பட்ட அலுவலகத்தின் கையில் மீண்டும் ஏட்டைக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு முன் நான் தலைகுனிகிறேன். ஆயினும் ஏட்டை விட்டுவிடுவது தீர்வாகாது. அந்தப் பொய்ப் பதிவைத் திருத்தாமல் அந்தப் பெண்களுக்கு நீதி எப்படிக் கிடைக்கும்? 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்தபோது குடும்பங்கள் செட்னயா சிறைக்கு ஓடிப்போய்த் தரையில் சிதறிய தாள்களில் பெயர் தேடியதும் உண்மையான பதிவுக்காகத்தான். பதிவு அலுவலகம் உளவுத்துறையின் பிடியிலிருந்து விலக வேண்டும். மறுக்கப்பட்டவர் நீதிமன்றம் போக வழி வேண்டும். காணாமல்போனவரை இறந்தவராக்கும்படி குடும்பத்தை நெருக்கக் கூடாது. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமல்போனமைக்கே சான்றிதழ் தரும் ஏற்பாட்டை இலங்கை 2016-இல் சட்டமாக்கியது. அங்குள்ள குடும்பங்கள் அதனால் மனநிறைவு அடையவில்லை என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் அரபுச் சட்ட அறிஞர்கள் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய முன்மாதிரி அது.

மேல்மட்ட அரசியல் உடன்பாடு வந்தால் மற்றவை தானே வரும் என்பாருக்கு லெபனான் பதில் சொல்லும். 1989 தாயிஃப் உடன்பாடு அங்கே நடந்த உள்நாட்டுப் போரை முடிக்க வழிவகுத்தது. 1991 பொதுமன்னிப்புச் சட்டம் வழக்குகளை மூடியது. காணாமல்போனோரைத் தேட ஓர் ஆணையத்துக்குச் சட்டம் வர 2018 ஆயிற்று. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்ததோ 1932-இல். எண்ணினால் மதப்பிரிவுகளுக்கிடையிலான அதிகாரப் பங்கீடு கலையும் என்ற அச்சத்திலேயே ஒரு நாடு தன்னை எண்ணிப் பார்க்காமல் இருக்கிறது. அதே அச்சம் ஈராக்கிலும் இருந்தது. இருந்தும் 2024 நவம்பரில், 1987-க்குப் பிறகு முதன்முறையாக நாடு முழுவதும் கணக்கெடுப்பு நடந்தது. இனம், மதப்பிரிவு பற்றிய கேள்விகளைத் தவிர்த்தார்கள். அந்தத் தவிர்ப்பில் குறையும் உண்டு, சிறுபான்மையினர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். ஆனால் 4 கோடியே 60 லட்சம் பேர் எண்ணப்பட்டார்கள், போர் வரவில்லை.

ஆகவே இங்கே கட்டுரை படிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உடன்பாடுகளையும் தலைவர்களையும் ஆராயும் அதே உழைப்பை ஒரு மாவட்டப் பதிவு அலுவலகத்துக்கும் கொடுங்கள். அங்கே யார் வரிசையில் நிற்கிறார்கள், யார் திருப்பி அனுப்பப்படுகிறார்கள், எந்தத் தாளுக்காக, யாருடைய ஆணையால் என்பதைக் கட்டுரைகளில் எழுதுங்கள். சிரியாவில் இறப்புப் பதிவுகளையும் நிலப் பத்திரங்களையும் திருத்தும் வேலை இன்னும் பெரும்பாலும் மீதியிருக்கிறது; அதைப் பற்றித் தமிழில் எழுத ஆள் வேண்டும்.