கோவாவின் வெள்ளிக் காசு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பினருள் யஷ்வந்தபுரத்தில் வண்டியேறிக் கோவா சென்று வந்தோர் பலர். காஸில் ராக்கில் மலையிறங்கித் தூத்சாகர் அருவியைக் கண்டு களித்திருப்பீர்கள். அந்த இருப்புப் பாதைக்கும் ஒரு வெள்ளிக் காசுக்கும் உள்ள உறவைக் கூறவே இங்கு நிற்கின்றேன்.

1510-இல் கோவாவைக் கைப்பற்றிய அல்புகர்க், அவ்வாண்டே அங்குப் பொன்னிலும் வெள்ளியிலும் செம்பிலும் காசு அடிப்பித்தார். ஆட்சி மாறியதை அறிவிக்க அதைவிட எளிய வழி ஏது? ஆனால், முத்திரை பொறிப்பது ஒன்று. கடைத்தெருவை நம்பச் செய்வது மற்றொன்று.

1583 முதல் 1588 வரை கோவாவில் வாழ்ந்த லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர் இதனை விரிவாக எழுதியுள்ளார். அந்நாளில் மிகுதியாக வழங்கிய காசு ஷெராஃபிம். ஒருபுறம் புனித செபஸ்தியார். மறுபுறம் அம்புக் கட்டு. பெயரளவில் வெள்ளி, மாற்றோ மிகத் தாழ்ந்தது. ஐந்து தங்கா கொண்டது ஒரு ஷெராஃபிம். தங்கா என்றதும் தங்கம் என எண்ணற்க! அப்படியொரு காசே அன்று அடிக்கப்படவில்லை. கணக்கில் மட்டும் வாழ்ந்த காசு அது. கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு அத்தகைய தொகைகள் புதியன அல்ல. அதிலும் இருவகை: நல்ல தங்கா நான்கு, மட்டத் தங்கா ஐந்துக்குச் சமம். முத்தும் மணியும் குதிரையும் விலை பேசுகையில் 'பர்தாவ்' என்றால் ஆறு தங்கா. பிற சரக்கிற்கு, முன்னதாகப் பேசிக் கொள்ளாவிடில், ஐந்தே.

இவ்வேறுபாடுகளை அறிந்த வணிகன் நட்டப்படான். நாட்கூலியை எண்ணி வாங்குபவன் என் செய்வான்? தெருமுனைதோறும் அமர்ந்திருந்த சராப்புகளே அவனுக்குத் துணை. அவர்கள் நோட்டம் பார்த்துச் சொல்லாமல் காசு வாங்க எவரும் துணியவில்லையாம். பழந்தமிழகத்தில் இத்தொழிலினரை வண்ணக்கர் என்றனர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்றே ஒரு சங்கப் புலவர் உளர். காசையும் நேர்மையையும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பவர் அன்றோ நாம்!

நல்ல வெள்ளி எங்கே போயிற்று? செப்டம்பரில் லிஸ்பன் கப்பல்கள் கொணர்ந்த ஸ்பானிய ரியால்களை இதே சராப்புகள் வாங்கிப் பதுக்கினர். ஏப்ரலில் சீனக் கப்பல் புறப்படும் வேளையில் கூடுதல் விலைக்கு விற்றனர். நல்ல வெள்ளி கடலேறிற்று. மட்ட வெள்ளி ஊரில் தங்கிற்று.

மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. 1878-இல் ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். மர்மகோவா துறைமுகத்திற்கு இருப்புப் பாதையும், இரு நாட்டிற்கும் ஒத்த நாணயமும் அதனால் வந்தவை. 1881, 1882 ஆண்டுகளில் கோவாவின் ரூபியா கல்கத்தா அக்கசாலையில் அடிக்கப்பட்டது. தலை போர்ச்சுகல் மன்னர் லூயிஸுடையது. எடையும் மாற்றுமோ ஆங்கில ரூபாயினுடையவை: 180 கிரெயின், 12-இல் 11 பங்கு வெள்ளி. கணக்கிலிருந்த தங்கா இப்போது அணாவுக்கு ஈடாகி, ரூபியாவுக்குப் பதினாறாயிற்று. கூலிக்காரன் மட்டமா நல்லதா என்று கேட்க வேண்டிய தொல்லை ஒழிந்தது.

1888-இல் பாதை காஸில் ராக்கை எட்டியது. உடன்படிக்கை 1892-இல் காலாவதியாயிற்று. 1958-இல் ரூபியா போய் எஸ்குடோ வந்தது, ஒன்றுக்கு ஆறு வீதம். 1961 டிசம்பரில் அவ்வாட்சியும் போயிற்று. பாதையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.