ஜாமீன் கிடைச்சும் வெளியே வர முடியாதவங்க
(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடன், சேமிப்பு பத்திப் பேசுவேன்னு நினைச்சிருப்பீங்க. இன்னைக்கு ஜாமீன் பத்திப் பேசுறேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா. அவங்க மகன் ஒரு அடிதடி வழக்கில் ஜெயிலுக்குப் போனான். கோர்ட்டு ஜாமீன் கொடுத்துடுச்சு. ஆனா ரெண்டு பேர் சொத்துப் பத்திரத்தோட வந்து கையெழுத்துப் போடணும். சொந்தக்காரங்க ஒதுங்கிட்டாங்க. குடியிருக்கிற மனைக்குப் பட்டா இல்லை. ஜாமீன் கிடைச்சும் பையன் நாற்பது நாள் உள்ளேயே கிடந்தான். வாராவாரம் கூலி வேலையை விட்டுட்டு மகனைப் பார்க்கப் போனாங்க. குழுத் தவணை தவறிச்சு. காரணம் சொல்ல வெட்கப்பட்டு, கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவங்க 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளின்னு இன்னும் தீர்ப்பு வராதவங்க. அந்த வருஷம் நவம்பர் 26 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர்களே, ஏழைக் கைதிகளைப் பத்தி நீதிபதிகள் முன்னால பேசி, நாடு வளரும்போது இன்னும் சிறைகள் எதுக்குன்னு கேட்டாங்க.

"தப்பு செஞ்சவனை வெளியே விடலாமா? குடிச்சிட்டு அடிக்கிறவன் திரும்பி வந்தா யாருக்கு ஆபத்து?" என்று சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்வி. அடி வாங்கினவங்களும் நம்ம பெண்கள்தான். மிரட்டல் இருந்தா கோர்ட்டில் சொல்லி ஜாமீனை எதிர்க்கலாம், நிபந்தனை கேட்கலாம். ஆனா ஜாமீன் விடுதலை இல்லை, வழக்கு நடக்கும். ஆபத்தானவன்னு கோர்ட்டு உள்ளே வைக்கிறது வேற. கோர்ட்டு விட்ட பிறகும் பத்திரம் இல்லாததால உள்ளே இருக்கிறது வேற.

தெரிஞ்சுக்க வேண்டியது மூணு:

ஒன்று, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவு. முன்னாடி எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துட்டா ஜாமீனுக்கு உரியவர். மூணு வருஷத் தண்டனைக் குற்றம்னா ஒரு வருஷம். மற்றவங்களுக்குப் பாதிக் காலம். தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், பல வழக்கு உள்ளவங்களுக்கும் இது பொருந்தாது.

இரண்டு, ஜாமீன் பணம் கட்ட முடியாத ஏழைக் கைதிக்கு உதவ மத்திய அரசுத் திட்டம் 2023-இல் வந்திருக்கு; அப்போ அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய்.

மூன்று, பெண்களுக்கும் காவலில் இருக்கிறவங்களுக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. கூப்பிட வேண்டிய எண் 15100. குழு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்க.

பத்திரம் இல்லாத பத்துப் பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் பொறுப்பேத்துக்கிட்டதால்தான் பேங்க் நமக்குக் கடன் கொடுத்துச்சு. அந்த நம்பிக்கையைத் தெரிஞ்ச நாமே, வீட்டில் வழக்கு வந்த பெண்ணை ஒதுக்கலாமா? தவணை தவறினா அவங்க வீட்டுக்கு ரெண்டு பேர் போங்க. பணம் கேட்கிறதுக்கு முன்னாடி, என்ன ஆச்சுன்னு கேளுங்க.